நகத்தில் நின்ற துளி

என் மாமனாருக்கு இந்த நாட்டில் பிடிக்காத ஒரே விஷயம் பால். குளிரோடு சமாதானமாகப் போய்விட்டார். லிஃப்டில் கூட வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பதையும் மன்னித்துவிட்டார். பாலை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

“இதுல என்னதான் இருக்கு?” என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடையில் பால் பல ரகம். கொழுப்பு எடுத்தது, பாதி எடுத்தது, எடுத்துவிட்டு வேறெதையோ சேர்த்தது, மாதக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்திருந்தாலும் கெடாதது. அந்தக் கடைசி ரகத்தின்மேல் அவருக்குத் தனிப் பகை. “கெடாத பால் பாலே இல்லம்மா. கெட்டுப்போறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே கெட்டுப்போகும்?”

பேச்சு இத்தோடு நிற்காது. காய்ச்சினால் ஆடை படியவில்லை என்பார். காபியில் ஊற்றினால் நிறம்தான் மாறுகிறது, ருசி மாறவில்லை என்பார். தயிரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நானும் வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, துணி சுற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். காலையில் திறந்தால் மூக்குச் சளி மாதிரி இழுபடும். அதைக் கரண்டியில் தூக்கி, எவ்வளவு நீளம் வருகிறது என்று எனக்குக் காட்டுவார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “நானா மாமா மாடு வளர்க்கிறேன்? கடையில இருக்கிறதைத்தானே வாங்க முடியும்?” என்பேன். அவர் பதில் சொல்வார். நான் அதற்குப் பதில் சொல்வேன். இப்படியே குக்கர் விசில் அடித்து அடங்கிவிடும்.

அவர் பஸ் ஸ்டாண்டு வாசலில் டீக்கடை வைத்திருந்தவர். விவரம் தெரிந்த நாளிலிருந்து பாலும் அடுப்புமாகவே இருந்தவர். மாமியார் போன பிறகு கடையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் இங்கேயே எங்களோடு இருந்துவிடலாம், அதற்கு மனு போடலாம். ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் போட வேண்டும், அதற்கு அவர் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டால் “பார்ப்போம்” என்பார். அதற்குமேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

எனக்கு அவர் இருக்க வேண்டும். மாமனார் எப்போது கிளம்புவார் என்று நாள் பார்க்கிற மருமகள்களை எனக்குத் தெரியும், அவர்களையும் நான் தப்புச் சொல்லவில்லை. என் கதை வேறு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். அவர் அப்பா வருவதற்கு முன்னால், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு இருட்டாக இருக்கும். காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து அழுதிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு டம்ளர் நகராமல் இருப்பதற்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில், நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்னார்.

“பையன்கிட்டச் சொல்லி டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லும்மா.”

“ஏன் மாமா, என்னாச்சு?”

“பால் சரியில்ல.”

“பாலுக்காக யாராவது நாட்டை விட்டுப் போவாங்களா?”

“காபி சரியில்லைன்னா தலை வலிக்குது. தயிர் சரியில்லைன்னா வயித்தைப் பண்ணுது. தலையையும் வயித்தையும் விட்டா மனுஷனுக்கு மிச்சம் என்னம்மா இருக்கு?”

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் அன்று முழுக்க அதுதான் மண்டைக்குள் ஓடியது. சரி, பால்தானே பிரச்சினை? பாலைக் கண்டுபிடித்துவிட்டால் போயிற்று. மாட்டின் மடியிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறேன், அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்வார் என்று பார்க்கிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாவற்றையும் கழுவி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் வைத்து மூட்டு மூட்டாகப் பார்த்து, தட்டில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். துணியில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அந்தத் தட்டு முழுதும் மறுபடி முதலிலிருந்து. என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. ஊரில் அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. அவளிடம் பாலைப் பற்றிக் கேட்டேன்.

“பஸ் கடைசியா நிக்குமே, அங்கேருந்து கொஞ்சம் நடந்தா ஒரு பண்ணை இருக்கு,” என்றாள். “சனிக்கிழமை காலையில வாசல்லயே பால் ஊத்திக் கொடுப்பாங்க. பாட்டில் நாம கொண்டு போகணும். ஆனா அந்தப் பண்ணைக்காரம்மா ரொம்பக் கறார்.”

கறாரான ஆட்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே.

சனிக்கிழமை மாமா விடியும் முன்பே குளித்துத் தயாராகிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, அதற்கு மேல் மகனுடைய பெரிய கோட்டு. வெந்நீரில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கண்ணாடி பாட்டில்களை, இடித்துக்கொள்ளாமல் இருக்கத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு சிரத்தை இருக்காது.

பஸ்ஸை விட்டு இறங்கி வேலியோரமாக நடந்தோம். அங்கேதான் ஒரு உண்மை தெரிந்தது. மாமாவுக்கு மாட்டைக் கண்டால் பயம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்ததும், பாட்டில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டார்.

“மாமா, அது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு.”

“வேலி இருக்குன்னு அதுக்குத் தெரியுமா?”

“காலமெல்லாம் பால்ல புழங்கின ஆளு நீங்க!”

“பால்லதான் புழங்கினேன். மாட்டுகிட்ட எனக்கு என்ன பேச்சு? அது பால்காரன் பாடு.”

நான் சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் நின்றேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, இவர் இனி எங்கேயும் போகமாட்டார் என்று நினைத்தேன்.

பண்ணை வாசலில் எங்களுக்கு முன்னால் ஒரு தம்பதியும், பின்னால் சைக்கிளில் வந்த ஒரு ஆளும் பாட்டில்களோடு நின்றார்கள். தரையில் மருந்து நனைத்த மிதியடி. அதில் காலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பக்கம் கை கழுவும் தொட்டி, சோப்பு, தொங்குகிற துண்டு. பண்ணைக்காரம்மா ஐம்பதைத் தாண்டியவள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துணி. பளபளவென்று தேய்த்த பெரிய எவர்சில்வர் கேனின் மூடியைத் திறந்து, நீளப் பிடிபோட்ட அளவையால் முகந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாட்டிலில் ஊற்றுவாள். ஊற்றியதும் மூடிவிடுவாள். சிரிப்பில்லை, பேச்சில்லை. எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரி அறையில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் முறை வந்தது. அவள் மூடியைத் திறந்தாள். நான் பையிலிருந்து பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். குனிந்து நிமிர்வதற்குள் நடந்துவிட்டது.

மாமா விரலைக் கேனுக்குள் விட்டுவிட்டார். பாதி விரல். வெளியே எடுத்து, ஒரு துளியைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, நகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடைப் பழக்கம் அது. தினமும் விடியற்காலையில் பால்காரன் வந்து நின்றதும் முதல் வேலை அதுதானாம். துளி நகத்தில் நின்றால் பால், வழிந்து ஓடினால் தண்ணீர் கலந்தது. அதைப் பார்த்தபிறகுதான் பால்காரனோடு பேச்சே. பாத்திரத்தைத் திறந்தால் விரல் தானாக உள்ளே போய்விடும், நமக்குக் கொட்டாவி வருவது மாதிரி.

பண்ணைக்காரம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? அவள் கேனைப் பார்த்தாள். மாமாவின் விரலைப் பார்த்தாள். மூடியைச் சாத்தினாள். கேனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்து, கன்றுக்குட்டிகள் குடிக்கிற தொட்டியில் முழுவதையும் கவிழ்த்தாள். கன்றுக்குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அவள் காலி கேனோடு திரும்பி வந்து, “இன்னிக்கு விக்கிறதுக்குப் பால் இல்ல,” என்றாள்.

அவள் பேசியது இந்த ஊர் மொழி. அது எனக்கு வேலைக்குப் போதுமான அளவு வரும், மன்னிப்புக் கேட்கிற அளவுக்கும் தட்டுத்தடுமாறி வரும். கோபப்படுகிற அளவுக்கு வராது. என் கோபம் தமிழில்தான் வரும். வந்தது.

“அறிவிருக்கா மாமா உங்களுக்கு? யாரு பால்ல யாரு விரலை விடறது? இது என்ன உங்க டீக்கடையா? உங்களால பின்னால நிக்கறவரும் வெறுங்கையோட போறாரு பாருங்க!”

வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். சைக்கிள்காரரும் பண்ணைக்காரம்மாவும் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் மாமாதான். அவர் ஏதோ சொல்வதற்குத்தான் வாயைத் திறந்திருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு, நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். கழுவாத விரலைப் பாலில் விடுவது தப்புத்தான். ஆனால் அவரை அப்படி நிற்க வைத்திருக்கக் கூடாது.

பஸ்ஸில் அவர் காலி பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். அந்த வாரம் பார்த்து வீட்டுக்காரருக்கு வழியிலேயே இன்னொரு லோடு வந்துவிட, அவரும் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் கடைப் பாலில் போட்ட காபியை ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்தார். “நீங்க ஓய்வெடுங்க, சமையலை நான் பார்த்துக்கறேன்,” என்றார். நீங்களாம்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குப் பதிலாகத் தட்டைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கலாம்.

“மாமா, நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது,” என்றேன்.

“நீங்க கத்தினது சரிதான். தப்பு என்மேல,” என்றார்.

நடுவாரத்தில் வீட்டுக்காரர் வழியிலிருந்து போன் செய்தார். அப்பாவோடு கொஞ்சம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “எங்கப்பா ஏன் இவ்வளவு நல்ல பிள்ளையாப் பேசறாரு? நீ என்ன பண்ணினே?”

நடந்ததைச் சொன்னேன். கேனைக் கவிழ்த்த இடத்தில் சிரித்தார், நான் கத்திய இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “சரி, இப்ப மனு போடறதா, டிக்கெட் போடறதா? சனிக்கிழமை நான் வந்ததும் ஏதாவது ஒண்ணு பண்ணியாகணும். அவரு டிக்கெட்டுங்கறாரு.”

“சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க,” என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் ஏறாமல் பண்ணைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கறவை முடிந்து, பண்ணைக்காரம்மா கொட்டகைத் தரையைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மிதியடியில் காலை வைத்து, கேட்காமலே கையைக் கழுவிவிட்டு, எதிரில் போய் நின்றேன். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“மறுபடியும் வந்துட்டியா?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

“விரலை விட்டது நீ இல்லையே.”

“கூட்டிட்டு வந்தது நான்தானே.”

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. நான் சத்தத்துக்கு மேலாகச் சத்தம் போட்டுப் பேசினேன். என் வேலையைச் சொன்னேன். யாராவது ஒரு தட்டில் விரலை வைத்தால் நானும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன். நீங்கள் கேனைக் கவிழ்த்தது சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன். அப்போது தண்ணீரை நிறுத்தினாள்.

“அப்படித் தெரிஞ்சவ வீட்டு ஆளு ஏன் விரலை விட்டாரு? என் பால் என்ன, சாக்கடையா?”

டீக்கடையைச் சொன்னேன். பாலில் தண்ணீர் கலக்கிற பால்காரனையும், அவனோடு மாமா நடத்திய தினப்படி யுத்தத்தையும், நகத்தில் நிற்கிற துளியையும் சொன்னேன். எனக்குத் தெரியாத வார்த்தைகளுக்குக் கையால் நடித்துக் காட்டினேன். அவள் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, என் எதிரில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள்.

“சரி. பார்த்தாரே, என்ன சொன்னாரு?”

“எதை?”

“என் பாலை. நகத்துல நின்னுதா, ஓடிச்சா?”

எனக்குத் தெரியவில்லை. “சொல்ல வந்தாரு. நான்தான் சொல்ல விடல,” என்றேன்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். “தினமும் டேங்கர் வரும். குழாயை மாட்டும், உறிஞ்சிட்டுப் போயிடும். அங்க ஊர்ப் பாலோட என் பாலும் கலந்துடும். ஏதாவது குறைன்னா மட்டும் போன் வரும். நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல. வாசல்ல வாங்கறவங்களும் நன்றின்னு சொல்லிட்டு நடையைக் கட்டிடுவாங்க. எங்க அப்பா காலத்துலேருந்து இந்த மாடுங்களோட மல்லுக்கட்டறேன். என் பாலை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்த முதல் ஆளு உன் மாமனாருதான். அவரு என்ன பார்த்தாருன்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழமை கூட்டிட்டு வா. கையைக் கழுவிட்டு வரச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். பால் எப்படி என்று அந்தம்மா கேட்கிறாள் என்று சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த வேட்டி அவர் கையில் அப்படியே நின்றது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அதைப் பெட்டியில் வைத்தார்.

“மன்னிப்புக் கேக்கறதுக்கு வரேன். கடை வச்சிருந்தவன், இன்னொருத்தர் சரக்கைக் கெடுத்துட்டுப் பேசாம ஊருக்குப் போகக் கூடாது.”

ஆக, ஊருக்குப் போவது போவதுதான். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை மழைத் தூறல். வாசலில் வேறு யாரும் இல்லை. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியில் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை கழுவினார். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட அவ்வளவு நேரம் கழுவிப் பார்த்ததில்லை. துடைத்துக்கொண்டு வந்து, பண்ணைக்காரம்மா முன்னால் கைகூப்பி நின்றார். அவள் அதைக் கவனிக்காதவள்போலக் கேனைத் திறந்து, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் பால் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். “பாருங்க மாமா,” என்றேன்.

விரலை நனைத்து ஒரு துளியை நகத்தில் விட்டார். சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். பண்ணைக்காரம்மா குனிந்து, அவர் நகத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துளிப் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை.

“நிக்குதும்மா,” என்றார். “போன வாரமும் நின்னுது. அதைத்தான் சொல்ல வந்தேன். இப்படி ஒரு பால் என் கடைக்கு வந்திருந்தா, நான் பால்காரன்கிட்டச் சண்டை போட்டே ஆயுசைக் கழிச்சிருக்க மாட்டேன்னு சொல்லு. நான் கை வச்ச பால்லயே இதுதான் பாலுன்னு சொல்லு.”

சொன்னேன். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் போட்டுச் சொன்னேன். பண்ணைக்காரம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத, வாய்கொள்ளாத சிரிப்பு. எங்கள் பாட்டில்கள் இரண்டையும் கழுத்து வரை நிரப்பினாள். “அடுத்த சனிக்கிழமைக்கு எவ்வளவு எடுத்து வைக்கட்டும்?” என்று மாமாவைப் பார்த்தே கேட்டாள்.

நான் அதை அவரிடம் சொன்னேன்.

“அடுத்த வாரம் நான் இருக்கமாட்டேன், ஊருக்குப் போறேன்னு சொல்லும்மா,” என்றார்.

இந்த ஊர் மொழியில் அதைச் சொல்வது கஷ்டமே இல்லை. சின்ன வார்த்தைகள்தான், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. பண்ணைக்காரம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“என்னம்மா?”

“சொல்ல மாட்டேன் மாமா. நீங்க போகக் கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் நான் முதல்ல நம்ம வீட்டு ஜன்னலைத்தான் பார்க்கறேன். நீங்க அங்க நிக்கறதைப் பார்த்தாத்தான் படி ஏறவே தெம்பு வருது. உங்க பிள்ளைக்காகச் சொல்லல. முறைக்காகவும் சொல்லல. எனக்கு நீங்க வேணும்.”

சொல்லிவிட்டு அழுதேன். நன்றாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பண்ணைக்காரம்மா கொடுத்த துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். மாமா பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

“பாலுக்காகப் போறேன்னு நீ நெசமாவே நம்பிட்டியா?” என்றார் மெதுவாக. “அவன் லாரியோட போயிடறான். நீ காலையில போனா சாயங்காலம் வரே. வந்து களைச்சுப் போய் உக்காந்துடறே. உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலம்மா. கடையில இருந்தப்போ பேசிக்கிட்டே இருந்தவன். பால் சரியில்லைன்னு சொன்னா மட்டும் நீ எழுந்து வந்து மல்லுக்கு நிப்பே. குக்கர் இறங்கற வரைக்கும் ஓடும். அப்புறம் ஒருநாள் நான் சொன்னதுக்கு ‘சரி மாமா’ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டே. இந்த வீட்டுல நம்ம பேச்சும் தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன். மறுநாள்தான் டிக்கெட் கேட்டேன்.”

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று இரண்டு பேருக்கு லீவு. அவர்கள் தட்டுகளையும் நானே அடுக்கிவிட்டு, இடுப்பொடிந்து வந்து விழுந்திருந்தேன். சண்டை போடத் தெம்பில்லை, அவ்வளவுதான். அதற்கா இந்த மனிதர் பெட்டியைத் தூக்கினார்?

“களைப்பு மாமா,” என்றேன். “வேற ஒண்ணுமே இல்ல. களைப்பு.”

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பினார் என்று தெரிந்தது. பிறகு கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், அவருக்குப் புதுக் கவலை வந்துவிட்டது.

“இப்போ பாலும் நல்லதாக் கிடைச்சிடுச்சு. இனிமே உன்கிட்ட எதை வச்சுச் சண்டை போடறது?”

“என் சமையல் இருக்கே மாமா.”

மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ஆமா, அது இருக்கு,” என்றார்.

பண்ணைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இன்னும் நின்றிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, அடுத்த வாரத்துக்கும் இரண்டு பாட்டில் என்றேன். மாமாவிடமும் அதைச் சொன்னேன்.

“மூணு சொல்லு,” என்றார்.

“ரெண்டு போதும் மாமா.”

“தயிருக்கு யாரு தருவா? உங்க ஆஸ்பத்திரியா?”

“மூணு பாட்டிலைத் தூக்கிட்டு யாரு நடக்கறது?”

“நான் நடக்கறேன். நீ பேசாம வா.”

நான் பேசாமல் வரவில்லை. அந்தச் சண்டை பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, பஸ்ஸிலும் ஏறிக்கொண்டு, வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை.